பழம்பாட்டும் மின்னிசையும்

ஒரு பாட்டை ஒருவர் முதலில் பாடுகிறார். பல ஆண்டுகள் சென்றபின் வேறொருவர் அதே பாட்டை வேறு கருவிகளோடு பாடுகிறார். இரண்டாமவர் பாடியதே உலகத்தார் நினைவில் நிலைத்துவிடுகிறது. இஃது எவ்வாறு நிகழ்கிறது? பின்வந்தது முன்னதை வெல்வது முறைதானா? இந்த வினாவை என்னுள் எழுப்பியவள் என் மகள்.

சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில், தில்லியில் எங்கள் வீட்டில், நான் கல்லூரி நாள்முதல் விரும்பிக் கேட்டுவரும் ஓர் ஆங்கிலப் பாட்டை ஒலிக்கவிட்டிருந்தேன். அவள் தன் கைப்பேசியில் எதையோ தேடிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது இவர்களுடைய பாட்டே இல்லை. பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண்மணி பாடியது. நீங்கள் இத்தனை நாளும் நகலைத்தான் கேட்டிருக்கிறீர்கள்" என்றாள். பிறர் எழுதியதை வேறொரு மொழியில் எழுதிக் கொடுப்பதையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு, 'நகல்' என்ற அந்தச் சொல் சற்றே சுட்டது. அன்றிரவே இரண்டு பாட்டுகளையும் அடுத்தடுத்துப் பலமுறை கேட்டேன். அப்போது தோன்றிய சிந்தனைகளையே நேயர்களுடன் இங்குப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பிறர் முன்பு பாடிய பாட்டை மீண்டும் தம் முறையில் பாடி வெளியிடுவதை மேனாட்டு இசைத்துறையினர் 'கவர்' என்பர். நாம் அதனை மறுபாடல் என்று அழைப்போம். மறுபாடல்களில் பல வகை உண்டு. அவற்றுள் 'சிந்த்பாப்' என்னும் மின்னிசை முறையில் அமைந்தவை தனிச் சுவையுடையவை. அந்த இசை பிறந்த விதத்தை முதலில் காண்போம்.

மின் அலைவுகளிலிருந்து ஒலியைப் பிறப்பித்து, அதனை வேண்டியவாறு வடித்துத் திருத்தும் கருவிக்குச் சிந்தசைசர் என்று பெயர். அமெரிக்கரான இராபர்ட் மூக் 1964-ஆம் ஆண்டில் தாம் உருவாக்கிய சிந்தசைசரை அறிமுகப்படுத்தினார். தொடக்கத்தில் இக்கருவிகள் அலமாரிபோல் பெரியனவாகவும், செல்வர்களும் பல்கலைக்கழகங்களும் மட்டுமே வாங்கத்தக்கனவாகவும் இருந்தன. 1970-களின் பிற்பகுதியில் சப்பானிய நிறுவனங்கள் சிறிய, மலிவான கருவிகளைச் செய்து விற்கலாயின. அதன் பயனாக, இங்கிலாந்தின் தொழில் நகரங்களான ஷெஃபீல்டு, லீட்ஸ் போன்ற இடங்களில் வாழ்ந்த இளைஞர்கள், முறையான இசைப்பயிற்சி இல்லாமலேயே, இரண்டு மூன்று பேராய்ச் சேர்ந்து பாட்டு இசைக்க முற்பட்டனர். செர்மனி நாட்டின் கிராஃப்ட்வெர்க் குழுவினர் இவர்களுக்கு வழிகாட்டிகளாய் அமைந்தனர். தாளத்திற்கு ஆள் வேண்டியதில்லை; முன்கூட்டியே அமைத்து வைத்தால் தாளப்பொறி தானே அடித்துக்கொண்டிருக்கும். இவ்வாறு எழுந்ததே சிந்த்பாப்.

பொறிக்கு இரண்டு இயல்புகள் உண்டு. அது களைப்பதில்லை, அது மூச்சு விடுவதுமில்லை. மனிதன் தாளம் வாசிக்கும்போது ஒரு நூலளவு முந்துவான், ஒரு நூலளவு பிந்துவான். உயிருள்ள இசையின் வெம்மை பெரும்பாலும் அந்த நூலளவில்தான் இருக்கிறது. பொறியிடம் அது கிடையாது. அவ்வாறாயின், வெம்மையே உயிரான ஒரு பழைய காதற்பாட்டை இந்தக் குளிர்ந்த பொறியிடம் ஒப்படைத்தால் பாட்டு செத்துப் போகவேண்டும் அன்றோ? பல மறுபாடல்களில் அவ்வாறே நேர்ந்தும் இருக்கிறது. ஆயினும் சில பாட்டுகள் சாகவில்லை, புதுப்பிறவியே எடுத்தன. மூன்று எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம்.

முதலாவது, என் மகள் சுட்டிய பாட்டு. 'டெயின்டட் லவ்' என்பது அதன் பெயர். எட் காப் என்பவர் எழுதிய இதனைக் குளோரியா ஜோன்ஸ் என்னும் அமெரிக்கப் பாடகி பாடி, 1965-இல் ஓர் இசைத்தட்டின் பின்பக்கத்தில் வெளியிட்டனர். விரைந்த தாளம், முழங்கும் ஊதுகருவிகள், வீறுகொண்ட குரல் எல்லாம் அதில் இருந்தன. எனினும் அத்தட்டு விலைபோகவில்லை. அதன் கதை அத்துடன் முடிந்திருக்கவேண்டும். ஆனால் 1970-களில் வட இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர் நகரங்களில் ஒரு விந்தையான பழக்கம் பரவியிருந்தது. அமெரிக்காவில் எவரும் சீந்தாத பழைய கறுப்பின இசைத்தட்டுகளைத் தேடிக் கொணர்ந்து, அவற்றுக்கு விடியவிடிய நடனமாடுவர். இதனை 'நார்தர்ன் சோல்' என்பர். விகன் நகரத்தின் கசினோ என்னும் நடனக்கூடம் இதற்குப் பெயர்பெற்றது. குளோரியா ஜோன்ஸின் தட்டு கடல் கடந்து வந்து அந்தக் கூட்டத்தாரிடையே புகழ்பெற்றது.

லீட்ஸ் நகரத்துப் பாலிடெக்னிக்கில் கலை பயின்ற மார்க் ஆல்மண்ட், டேவ் பால் என்ற இருவர் 'சாஃப்ட் செல்' என்னும் குழுவை அமைத்திருந்தனர். அவர்கள் 1981-இல் இந்தப் பாட்டை எடுத்துக்கொண்டனர். என்ன செய்தார்கள்? பெரும்பாலும் நீக்கினார்கள். ஊதுகருவிகளை நீக்கினர், கிதாரை நீக்கினர், உடன்பாடுவோரின் ஆரவாரத்தை நீக்கினர். விரைவைக் குறைத்தனர், பாடகரின் குரலுக்கு ஏற்பச் சுருதியையும் தாழ்த்தினர். எஞ்சியவை, ஓயாது ஓடும் ஒரு மின்னொலி, இடையிடையே கதவைத் தட்டுவதுபோல் இரண்டு குறுந்தட்டுகள், அவற்றின் நடுவே தனித்து நிற்கும் ஒரு மனிதக் குரல். அவ்வளவுதான்.

அந்தப் பாட்டின் பொருள், கெட்டுப்போன காதலிலிருந்து தப்பி ஓட நினைக்கும் ஓர் உள்ளத்தின் தவிப்பு. குளோரியா ஜோன்ஸ் பாடும்போது அவர் ஏற்கெனவே வாசலைத் தாண்டிவிட்டவர்போல் தோன்றுகிறார். அந்த விரைவில் ஒரு விடுதலை இருக்கிறது. ஆல்மண்ட் பாடும்போதோ, ஓடவேண்டும் என்று சொல்லிக்கொண்டே அதே அறையில் சுற்றிச்சுற்றி வருபவர்போல் தோன்றுகிறார். பொறி அவரை விடுவதில்லை. அது ஒரே சீராக அடித்துக்கொண்டேயிருக்கிறது. சொற்கள் ஏறத்தாழ அவையே. ஆனால் அச்சொற்களுள் மறைந்திருந்த நோயை, முதற்பாட்டின் உற்சாகம் மூடி வைத்திருந்தது. மறுபாடல் அந்த மூடியைத் திறந்தது. அப்பாட்டு பிரிட்டனில் முதலிடம் பெற்றது. அமெரிக்காவின் 'பில்போர்டு' நூறு பாட்டுகளின் வரிசையில் 43 வாரங்கள் நின்றது.

இரண்டாவது எடுத்துக்காட்டு இதற்கு நேர்மாறானது. 'ஆல்வேஸ் ஆன் மை மைண்ட்' என்னும் பாட்டை எல்விஸ் பிரெஸ்லி 1972-இல் பதிவு செய்தார். அவர் தம் மனைவியைப் பிரிந்திருந்த காலம் அது. உன்னை நான் போற்றவேண்டிய அளவு போற்றவில்லை, ஆயினும் நீ என் நெஞ்சைவிட்டு அகன்றதில்லை என்று ஒருவன் மன்றாடுவதே பாட்டின் கருத்து. எல்விஸ் அதனை உருகி உருகிப் பாடினார். பின்னர் வில்லி நெல்சன் 1982-இல் முதியவர் ஒருவரின் அமைதியோடு பாடி அதற்கு மேலும் புகழ் சேர்த்தார். எல்விஸ் மறைந்து பத்தாண்டுகள் நிறைவுற்ற 1987-இல், பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் நடந்த நினைவு நிகழ்ச்சி ஒன்றில் 'பெட் ஷாப் பாய்ஸ்' என்னும் இருவர் குழு இதனைப் பாடியது. வரவேற்பைக் கண்டு அதனைத் தனித்தட்டாகவும் வெளியிட்டனர். அவ்வாண்டின் கிறிஸ்துமஸ் வாரத்தில் பிரிட்டனில் முதலிடம் பெற்ற பாட்டு அதுவே.

இவர்கள் விரைவைக் குறைக்கவில்லை, கூட்டினார்கள். அழுகைப்பாட்டை ஆடற்பாட்டாக்கினார்கள். பின்னணியில் மின்னிசை திருவிழாபோல் முழங்குகிறது. ஆனால் பாடகர் நீல் டென்னன்ட்டின் குரலில் ஒரு துளிக் கண்ணீரும் இல்லை. செய்தி வாசிப்பவரைப்போல் நிதானமாகச் சொல்லிச் செல்கிறார். கேட்பவர் மனத்தில் ஓர் ஐயம் எழுகிறது. இந்த மனிதன் உண்மையாகவே வருந்துகின்றானா? அல்லது வருத்தம் தெரிவிப்பது தன் கடமை என்று எண்ணிச் சொல்கின்றானா? எல்விஸ் பாடும்போது நாம் பாடுபவனுக்காக இரங்கினோம். இங்கோ, அந்தச் சொற்களைக் கேட்டுக்கொண்டு எதிரே அமர்ந்திருக்கும் பெண்ணுக்காக இரங்குகிறோம். சொல் மாறவில்லை, சொல்பவன் மாறிவிட்டான்.

மூன்றாவது, 'லெட்ஸ் ஸ்டே டுகெதர்'. அல் கிரீன் 1971-இல் பட்டுப்போன்ற குரலில் பாடிய பாட்டு இது. ஷெஃபீல்டு நகரத்து மின்னிசைக் கலைஞரான மார்ட்டின் வேர் முதலியோர் 1983-இல் இதற்கு மின்னிசைப் பின்னணி அமைத்து, டினா டர்னரைப் பாடச் செய்தனர். அப்போது அவர் வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. இசைத்தட்டு உலகம் அவரை ஏறக்குறைய மறந்திருந்தது. இங்கே பொறி குளிர்ந்தது, குரல் நெருப்பு. வெற்றுச் சுவரின் முன் வைத்த விளக்கு அதிக ஒளியுடன் தோன்றுவதுபோல், அந்தக் குரலின் ஒவ்வொரு கீறலும் நமக்குத் தெளிவாய்க் கேட்கிறது. சேர்ந்தே இருப்போம் என்று இளங்காதலன் கொஞ்சியது, வாழ்க்கையில் அடிபட்ட பெண்மணியின் வாயில் உறுதிமொழியாகிவிட்டது. அவரது இரண்டாம் வாழ்வு அந்தப் பாட்டிலிருந்தே தொடங்கிற்று எனலாம்.

இம்மூன்றிலிருந்தும் நாம் அறிவது யாது? ஒன்றில் விரைவு குறைந்தது, மற்றொன்றில் கூடியது. ஒன்றில் பாடகர் உருகினார், மற்றொன்றில் உருக மறுத்தார். ஆகவே இன்ன மாற்றம் செய்தால் வெற்றி என்று விதி வகுக்க இயலாது. ஆயினும் பொதுவான சில உண்மைகள் புலப்படுகின்றன. முதலாவதாக, பழம்பாட்டிற்கு எலும்பு வலிமையாக இருக்கவேண்டும். கருவிகளைக் களைந்தபின்னும் மெட்டும் சொல்லும் தாமே எழுந்து நிற்கவேண்டும். இரண்டாவதாக, மறுபாடல் செய்வோர் பழைய பாட்டில் அதுவரை எவரும் கவனியாத ஒன்றைக் கேட்டிருக்கவேண்டும். கருவியை மட்டும் மாற்றிப் பழைய உணர்ச்சியை அப்படியே போலச் செய்வது, பழைய சட்டைக்குப் புதுப் பொத்தான் தைப்பது போன்றதே. மூன்றாவதாக, பாட்டின்மேல் அவர்களுக்கு மெய்யான பற்று வேண்டும். பழமையை எள்ளி நகையாடச் செய்த மறுபாடலைக் கேட்டு ஒருமுறை சிரிப்போம், மறுமுறை கேட்கமாட்டோம்.

மொழிபெயர்ப்பிலும் இதுவே நிலை. சொல்லுக்குச் சொல் வைத்தவன் மூலத்தைக் காத்தவன் ஆகான். அந்தச் சொற்களை இந்த மொழியில் எவர் எக்குரலில் சொல்வார் என்று கேட்டுக்கொண்டவனுக்கே கருத்து கைவசமாகும். ஆனால் அவன் பெறும் பயனைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். 'டெயின்டட் லவ்' தட்டின் மறுபக்கத்தில் சாஃப்ட் செல் குழுவினர் தம் சொந்தப் பாட்டை வைக்கவில்லை. அங்கும் வேறொருவர் இயற்றிய பழம்பாட்டையே வைத்தனர். அதனால் அவ்வளவு விற்ற தட்டின் இரு பக்கங்களிலும் பாட்டாசிரியருக்குரிய உரிமைத்தொகை அவர்களுக்குச் சேரவில்லை, எழுதியவர்களையே சேர்ந்தது. நியாயமும் அதுதான். மறுபாடல் பாடியவருக்குக் குரல் சொந்தம்; பாட்டு சொந்தமன்று.

இனி, என் மகள் கூறிய 'நகல்' என்ற சொல்லுக்கு வருவோம். மறுபாடல் மூலத்தை அழித்ததா? அழிக்கவில்லை. விற்காமற் போன ஒரு தட்டின் பின்பக்கத்தில் உறங்கிய குளோரியா ஜோன்ஸின் குரலை, தில்லியில் ஒரு வீட்டில் ஒரு சிறுமி தேடிச் சென்று கேட்டதற்குக் காரணமே அந்த மறுபாடல்தான். நகல் அவளை மூலத்திடம் கைபிடித்து அழைத்துச் சென்றது.

ஊரைவிட்டு வந்து வேற்று மாநிலங்களில் குடியேறிய நம்மனோர்க்கு இதில் ஓர் ஆறுதல் உண்டு. நம் பிள்ளைகள் பேசும் தமிழில் இந்தியின் இழுவையோ வங்காளத்தின் வளைவோ மராத்தியின் அழுத்தமோ கலந்திருக்கிறது. தாய்நாட்டுத் தமிழைப்போல் இல்லையே என்று நாம் கவலைப்படுகிறோம். தாத்தா பாட்டியர் தொலைபேசியில் அதனைக் கேட்டுத் திருத்துகின்றனர். திருத்தட்டும். ஆனால் பாட்டு அதே பாட்டாயிருந்து, பாடுபவர் மனமொன்றிப் பாடினால், கருவி மாறியதற்காக அதனை நகல் என்று தள்ளிவிட வேண்டுவதில்லை.

அன்றிரவு என் மகள் இரண்டையும் கேட்டு முடித்தபின், எது சிறந்தது என்று வினவினேன். சற்று நேரம் எண்ணிப்பார்த்து, "அந்த அம்மா தப்பித்துவிட்டார்; இந்த மாமாவால் முடியவில்லை" என்றாள். அதைக்காட்டிலும் நல்ல திறனாய்வு எனக்குத் தெரியவில்லை.