பேலியகொடையின் மண்ணும் மனையும் – ஒரு நோக்கு

கொழும்பு மாநகரின் வடபாற் களனி கங்கையைப் பாலத்தாற் கடந்ததும் நாம் கால்வைக்கும் ஊர் பேலியகொடை. சிங்கள மொழியில் 'கொட' என்பது மேட்டு நிலத்தையும், 'வெல' வயலையும், 'தெனிய' ஈரம் நிறைந்த பள்ளத்தையும் குறிப்பன. கொழும்பின் தெற்கே தமிழர் செறிந்து வாழும் வெள்ளவத்தையின் பெயரிலும் மணற்றோட்டம் என்னும் பொருளே உறைகின்றது. தமிழ்ச் செவிக்கு அது வெள்ளமென மயங்குதல் இயல்பே. மண்ணறிந்து பெயரிட்டோர் மேட்டிற் குடியிருந்து, பள்ளத்தை நீருக்கும் நெல்லுக்கும் விட்டனர். மேட்டிற் காணி வாங்க இயலாதோர் பள்ளத்தை நிரப்பிக் குடியேற நேர்ந்தமையே இன்றைய சிக்கலின் தொடக்கமாகும்.

பேலியகொடையிலிருந்து வடக்கே நீர்கொழும்புக் களப்புவரை பரந்துள்ள முத்துராஜவெல, ஏறத்தாழ 7000 ஆண்டுகளுக்கு முன்னர் உருவாகத் தொடங்கியதெனக் கருதப்படும் சதுப்பு நிலமாகும். நீரில் மூழ்கிய தாவரங்கள் காற்றின்றி முழுமையாக அழுகாது படிந்தமையால் அங்கு முற்றா நிலக்கரி தோன்றியது. இக்கரிய படிவில் திண்மப் பொருளின் நிறையைவிட நீரின் நிறை பன்மடங்காகும். எனவே இதனை மண் என்பதினும் நீரைத் தாங்கிய பஞ்சு என்பதே பொருந்தும். கங்கைக் கரையோரத்தில் மட்டும் வெள்ளம் கொணர்ந்த வண்டல் ஓரளவு உறுதியான மேட்டை அமைத்துள்ளது.

இப்பஞ்சின் மேல் மண் நிரப்பும்போது நிகழ்வது யாது? பத்துப் பேர்ச் காணியில் ஒரு மீற்றர் உயரத்திற்குச் செம்மண் கொட்டினால் அதன் பாரம் 400 தொன்னை மிஞ்சும். வீட்டின் பாரம் இனிமேல்தான் வரவேண்டும். அமுக்கத்தினால் நீர் மெல்ல வெளியேற, நிலம் தாழ்கின்றது. நீர் வெளியேறிய பின்னரும் நார்ப்பொருள் நெடுங்காலம் நசுங்கிக்கொண்டேயிருக்கும். நிலம் எங்கும் ஒரே அளவிற் தாழுமாயின் கேடு சிறிதே. ஆனால் முற்றா நிலக்கரியின் தடிப்பு சில யார் தூரத்திலேயே வேறுபடுவதால், ஒரே வீட்டின் முன்னறை நிற்கப் பின்னறை இறங்குகின்றது. சுவரிற் சாய்வான வெடிப்புத் தோன்றுகின்றது. வீட்டுக்காரர் மேசனைக் குறைகூறுவார். குற்றம் பெரும்பாலும் கலவையில் இல்லை.

உறுதியான படைவரை முளைத்தூண் இறக்குவது ஒரு தீர்வே. எனினும் தாழ்கின்ற மண் தூணைப் பற்றிக் கீழே இழுக்கும் விசையையும் கணக்கிடல் வேண்டும். அதுமட்டுமன்று: தூணின் மேல் வீடு அசையாது நிற்க, முற்றம் தாழ்கின்றது. அப்போது முதலில் முறிவது, வீட்டிலிருந்து மலக்கழிவுத் தொட்டிக்குச் செல்லும் குழாயே. முறிந்த இடம் மண்ணுள் மறைந்திருப்பதால், துர்நாற்றம் எழும்வரை எவரும் அறியார்.

மலக்கழிவுத் தொட்டி தன்னளவிற் கழிவைத் தூய்மைப்படுத்திவிடுவதில்லை. திண்மத்தைப் படியவைத்துச் சிதைக்க மட்டுமே செய்கின்றது. எஞ்சிய வேலையைச் செய்வது உறிஞ்சு குழியைச் சூழ்ந்த காற்றோட்டமுள்ள, நீர் நிரம்பாத மண். பேலியகொடையின் பள்ளங்களில் அத்தகைய மண் எங்கே? நீர்மட்டம் காலடியிலேயே நிற்கின்றது. நாகலகம் வீதி அளவுகோலிற் களனியின் நீர் உயரும் நாட்களிற் குழி எதிர்த்தோடுகின்றது. நிரம்பிய தொட்டியை அந்நேரத்தில் முற்றாக இறைத்தால் வெற்றுத் தொட்டி படகுபோல் மேலெழவுங் கூடும். சுற்றாடற் கிணறுகளுக்கு நேர்வதை விரித்துரைக்க வேண்டியதில்லை. வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் கடலுக்குட் செல்லும் வெளியேற்றக் குழாய்கள் மாநகரின் கழிவைக் கொண்டுசெல்கின்றன. கொட்டாஞ்சேனைவாசி தன் காலடி மண்ணை எண்ணாது வாழ முடிவது இதனாலேயே. கங்கைக்கு அப்பாற் பெரும்பாலான வீடுகளுக்குத் தத்தம் குழியே தஞ்சம்.

வீட்டுத்தோட்டத்தின் கதையும் இதன் தொடர்ச்சியே. இக்கரிய மண் செழுமையின் அடையாளமெனத் தோன்றினும் அது அமிலத்தன்மை கொண்டது. நீரை வடித்துக் காற்றுப் புகவிட்டால், ஆங்காங்கே அதிலுள்ள கந்தகக் கனிமங்கள் கந்தகவமிலமாக மாறுகின்றன. சுண்ணாம்பு இடுதலும், மேட்டுப்பாத்தி அமைத்தலும் பயன்தரும்; தென்னைக்கு மண்மேடு இன்றியமையாதது. கங்குனும் கொகிலவும் இப்பள்ளத்திற்கே உரியன. ஆயின் கழிவுநீர் கலந்த வாய்க்காலோரத்துக் கங்குன் ஈயம், கட்மியம் போன்றவற்றையும் இலையில் ஏற்றிக்கொள்ளும்.

இம்மண்ணை வெல்லவே முடியாதென நாம் கூறவில்லை. பேலியகொடையில் தொடங்கி 2013 ஒக்ரோபரிற் திறக்கப்பட்ட 25.8 கிலோமீற்றர் நீளமான கட்டுநாயக்க அதிவேகப் பாதை இச்சதுப்பினூடாகவே செல்கின்றது. பாரமேற்றிக் காத்திருந்தும், நிலைக்குத்து வடிகால்களால் நீரை வெளியேற்றியும் நிலம் பலப்படுத்தப்பட்டது. அரசின் பணமும் பொறியியலாளரின் கணக்கும் அதற்கிருந்தன. பத்துப் பேர்ச் வாங்கியவருக்கோ, காணியைத் துளையிட்டுச் சோதிக்கும் செலவே ஒரு சுமை. அவரது உறுதியில் எல்லைகள் நான்கும் எழுதப்பட்டிருக்கும். முற்றா நிலக்கரி எத்தனை அடி என்பது இராது. மேலும் ஒருவர் தம் காணியை உயர்த்தியதும் அங்கு தங்கிய மழைநீர் நிரப்ப வசதியற்ற அயலவரின் வீட்டினுள் நுழைகின்றது. மறு ஆண்டு அவரும் கடன்பட்டு மண் கொட்டுகின்றார்.

தாழ்நில மீட்புக்கென 1968ஆம் ஆண்டிலேயே கொழும்பு மாவட்டத்திற்குச் சட்டம் இயற்றப்பட்டது. நிரப்புதற்கு அனுமதி வழங்குவோர், பெருங் கட்டுமானங்களுக்காக இப்பகுதியில் இடப்பட்ட துளைகளின் பதிவுகளைத் திரட்டி, வீதிவாரியாக வரைபடமாக்கி, நகரசபை வாயிலிற் தொங்கவிடுவது செலவுமிக்க காரியமன்று.