சி திரும்ப அழைக்கும்போது

பைத்தான் ஃபங்ஷன் ஒன்றின் முகவரியைச் சி மொழி நூலகம் வாங்கி வைத்துக்கொண்டு, வேலை வரும்போது அதை அழைத்தால் அதுவே கால்பேக். இந்த அழைப்பில் தவறு நேர்ந்தால் பைத்தானின் வழக்கமான பிழைச்செய்தி வருவதில்லை. லினக்ஸில் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்ற ஒரே வரியோடு நிரல் செத்துவிடும். தொடக்கூடாத நினைவகத்தை நிரல் தொட்டதால் இயங்குதளம் 11-ஆம் எண் சிக்னலை அனுப்பி அதை நிறுத்தியிருக்கிறது.

இதற்கு அடிக்கடி காரணமாவது கால்பேக்கின் ஆயுள். ஓர் ஆப்ஜெக்டை எத்தனை இடங்கள் பிடித்திருக்கின்றன என்று பைத்தான் எண்ணிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை பூஜ்யமானதும் அழித்துவிடும். சி வைத்திருக்கும் முகவரி அந்தக் கணக்கில் சேராது. 2006-இல் பைத்தான் 2.5-உடன் வந்த சிடைப்ஸ் தொகுதி வழியாகக் கால்பேக்கை உருவாக்கி, மாறி எதிலும் வைக்காமல் நேரே நூலகத்திடம் கொடுத்தால், அந்த வரி முடிந்ததுமே அது அழிந்துவிடும். வரிசைப்படுத்தும் கியூசார்ட் போல அழைப்பு முடிவதற்குள் வேலையை முடித்துவிடும் ஃபங்ஷனில் இதனால் தொல்லை இல்லை. முகவரியைச் சேமித்துப் பிறகு அழைக்கும் நூலகத்தில்தான் ஆபத்து. அழிந்த இடத்தில் பழைய தடம் மிஞ்சியிருந்தால் முதல் சில அழைப்புகள் சரியாகவே நடக்கவும் கூடும். ஆளைக் குழப்புவது இந்தத் தாமதமே: நிரல் விழும் வரி ஒன்று, தவறு நடந்த வரி வேறு. நூலகம் அழைக்கும் காலம் முழுவதும் கால்பேக்கை ஒரு மாறியில் பிடித்து வைப்பதே தீர்வு.

அடுத்தது ஜில் என்னும் பூட்டு. வழக்கமான பைத்தானில் அதை வைத்திருக்கும் திரெட் மட்டுமே ஆப்ஜெக்ட்களைத் தொடலாம். சிடைப்ஸ் கால்பேக்குகள் பூட்டைத் தாமே எடுத்துக்கொள்கின்றன. கையால் எழுதிய சி நீட்சியில், நூலகம் தொடங்கிய திரெடிலிருந்து பைத்தானுக்குள் நுழையும் முன் அதை எழுதியவரே பூட்டை எடுக்க வேண்டும்.

தேடலைப் பைத்தான் 3.7-இல் வந்த டெவலப்மென்ட் மோடில் தொடங்குவது நல்லது. அது 3.3-இல் சேர்ந்த ஃபால்ட்ஹேண்ட்லரை இயக்குவதால், நிரல் விழும் கணத்தில் பைத்தான் எந்த வரியில் இருந்தது என்பது அச்சாகும். பைத்தான் விடுவித்த நினைவகத்தைத் தனி அடையாள பைட்டால் நிரப்புவதும் அந்த மோடின் வேலை; அதனால் இறந்த ஆப்ஜெக்டைத் தொடுவது சீக்கிரமே வெளிப்படும். பூட்டு இல்லாமல் நினைவகம் கேட்டாலும் பிடித்துவிடும். சி பக்கத்து அழைப்புச் சங்கிலியை ஜிடிபி என்னும் டீபக்கர் காட்டும். அதில் பைத்தான் நீட்சியையும் ஏற்றினால் இரு பக்கச் சங்கிலிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.