வட்டத்தை வரைவதா, எழுதுவதா?

ஆய்வுக் கட்டுரை ஒன்றைக் கணினியில் திறந்து, அதிலுள்ள படத்தை எட்டு மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். சில படங்களில் கோடு படிக்கட்டுபோல் பிசிறடிக்கும். எழுத்துகளைச் சுற்றிச் சாம்பல் நிற அழுக்கு படிந்திருக்கும். திரையை அப்படியே படம்பிடித்து ஜேபெக் கோப்பாக ஒட்டியதன் விளைவு இது. ஜேபெக் புகைப்படங்களுக்காக உருவானது. வெள்ளையில் கறுப்புக் கோடு என்றால் தடுமாறிவிடும். வெக்டர் படம் அப்படியல்ல. எங்கிருந்து எங்கே, எவ்வளவு தடிமனில் கோடு போக வேண்டும் என்ற விவரமே அந்தக் கோப்பில் இருக்கும். எவ்வளவு பெரிதாக்கினாலும் கூர்மை குறையாது. வெக்டராகச் சேமிக்கத் தெரியாத மென்பொருளைக் கணிதப் படத்துக்கு எடுக்கவே வேண்டாம்.

அதற்கு அடுத்த கேள்வியைத்தான் பலர் கேட்பதில்லை: இந்தப் படத்தை நாளை எப்படித் திருத்தப்போகிறேன்? படத்தை ஒருமுறைதான் வரைகிறோம். நெறியாளரும் மதிப்பீட்டாளரும் சொல்லச் சொல்லப் பலமுறை திருத்துகிறோம்.

யூக்ளிடின் முதல் தேற்றத்தை எடுத்துக்கொள்வோம். ஏ, பி என இரு புள்ளிகள். ஏ-யை மையமாக வைத்து பி வழியாக ஒரு வட்டம். பி-யை மையமாக வைத்து ஏ வழியாக இன்னொன்று. அவை வெட்டும் இடம் சி. மூன்றையும் சேர்த்தால் சமபக்க முக்கோணம். இங்க்ஸ்கேப் போன்ற பொது வரைகலை மென்பொருளில் இதை அழகாக வரையலாம். ஆனால் பி-யைச் சற்றே நகர்த்தினால் வட்டங்கள் பழைய இடத்திலேயே நிற்கும். எல்லாவற்றையும் கையால் சரிசெய்ய வேண்டும்.

டில் டான்டாவ் என்ற ஜெர்மன் கணினி அறிவியலாளர் உருவாக்கிய டிக்ஸ் இதற்கு வேறு வழி காட்டுகிறது. தம் முனைவர் பட்ட ஆய்வேட்டின் படங்களுக்காக அவர் எழுதிய சிறு நிரலிலிருந்து வளர்ந்தது அது. இன்று அதன் கையேடே ஆயிரம் பக்கங்களைத் தாண்டும்; இதே யூக்ளிட் படம் அதில் ஒரு பயிற்சிப் பாடம். டிக்ஸில் வட்டத்தை வரைவதில்லை, எழுதுகிறோம். "இந்த இரு வட்டங்களும் வெட்டும் இடத்துக்கு சி என்று பெயர்" என்றே கட்டளை கொடுக்கிறோம். பி-யின் ஆயத்தொலைவை மாற்றினால் வட்டமும் முக்கோணமும் கூடவே நகரும்.

இன்னொரு நன்மையும் உண்டு. கட்டுரையை அச்சுக்கோக்கும் லேடெக் மென்பொருளுக்குள்ளேயே டிக்ஸ் இயங்குவதால், படத்தின் குறியீடுகளையும் லேடெக்கே அச்சுக்கோக்கிறது. கட்டுரையில் சாய்ந்து நிற்கும் எக்ஸ் படத்தில் நிமிர்ந்து நின்றால், இரண்டும் ஒன்றுதானா என்று வாசகர் ஒரு கணம் தயங்குவார். அந்தத் தயக்கத்துக்கு இங்கே இடமில்லை.

கட்டளை எழுதப் பொறுமை இல்லாதவர்களுக்கு, ஓட்ஃப்ரீட் சியோங் 1993-இல் தொடங்கிய இபே இருக்கிறது. சுட்டியால் வரையலாம், குறியீடுகள் லேடெக்கில் அமையும். கோடுகள் வெட்டும் இடத்துக்கு அருகே சுட்டியைக் கொண்டுபோனால் சரியாக அந்தப் புள்ளியிலேயே ஒட்டிக்கொள்ளும். புள்ளிகளை இழுத்து இழுத்துச் சோதிக்க வேண்டுமென்றால் ஜியோஜீப்ரா. மார்கஸ் ஹோஹென்வார்டர் 2001-இல் தொடங்கியது. அதன் கிளாசிக் 5 பதிப்பில் அமைத்த வடிவத்தை டிக்ஸ் கட்டளைகளாகவே வெளியே எடுக்கலாம். தரவுகளிலிருந்து வரும் வரைபடங்களுக்கு மேட்பிளாட்லிப், முப்பரிமாணப் பரப்புகளுக்கு அசிம்ப்டோட்.

எதில் வரைந்தாலும் அச்சில் வரப்போகும் அளவிலேயே வரையுங்கள். பதினாறு சென்டிமீட்டர் அகலத்தில் வரைந்து, இதழின் ஒரு பத்திக்குள் அடங்க எட்டாகச் சுருக்கினால், 10 புள்ளி எழுத்து 5 புள்ளியாகிவிடும், 0.4 புள்ளிக் கோடு 0.2 ஆகி, அச்சில் மங்கிப்போகும்.

முதல் கட்டுரை எழுதுகிறவர் இபேயில் தொடங்கட்டும். ஒரே படத்தை மூன்றாம் முறை திருத்த நேர்ந்தால் டிக்ஸுக்கு மாறட்டும். ஆய்வு மாணவர் இவற்றில் எதற்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.