உங்களுக்குத் தெரியுமா? லான்சருக்குப் பாகம் மலேசியாவிலும் உண்டு!

சிவகாசி, விருதுநகர்ப் பக்கம் பழைய மிட்சுபிஷி லான்சர் வைத்திருப்பவர் உதிரிபாகத்துக்கு ஜப்பானை மட்டுமே நம்பியிருக்க வேண்டியதில்லை. 1998-இல் இந்துஸ்தான் மோட்டார்ஸின் திருவள்ளூர் ஆலையிலிருந்து வந்த இந்தக் காரில் 1.5 லிட்டர் பெட்ரோலுக்கு 4ஜி15, 2 லிட்டர் டீசலுக்கு 4டி68 இன்ஜின். இதே வகை இன்ஜின்கள் மலேசியாவின் புரோட்டான் விரா காரிலும் ஓடின. எனவே இங்கே கிடைக்காத இன்ஜின் பாகம் கோலாலம்பூரில் கிடைக்க வாய்ப்புண்டு.

"இன்ஜின் ஒன்றென்றால் எல்லாம் பொருந்திவிடுமா?" என்று மெக்கானிக் கேட்டால் அது நியாயமான கேள்வியே. பொருந்தாது. இரண்டு கார்களின் பாடியும் வெவ்வேறு தலைமுறை. ஹெட்லைட், பம்பர், கண்ணாடிக்கு இந்த வழி உதவாது. இன்ஜினிலும் சில பாகங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே காரின் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட, கழற்றிய பாகத்தில் பொறித்திருக்கும் எண்ணைச் சொல்லிக் கேட்பதே சரி. அந்தக் கால மிட்சுபிஷியில் இன்ஜின் பாக எண்கள் பெரும்பாலும் 'எம்டி' என்றும், பாடி பாக எண்கள் 'எம்பி', 'எம்ஆர்' என்றும் தொடங்கும். மலேசியாவிலிருந்து வரவழைத்தால் சுங்கவரியும் கூரியர் செலவும் கூடுதல்தான். ஆனாலும் பொருந்தாத பாகத்தை வாங்கி மூலையில் போடுவதைவிட எண் பார்த்து வரவழைப்பது லாபம்.