முறுக்கு உரலில் முட்டை நூடுல்ஸ்

பெரம்பலூர், அரியலூர் நேயர்களே, முட்டை நூடுல்ஸுக்குத் தனி இயந்திரம் வேண்டாம். பரண் மேல் கிடக்கும் முறுக்கு உரலே போதும். ஜெர்மனியின் ஸ்வேபியா பகுதியில் 'ஷ்பெட்ஸ்லே' என்ற முட்டை நூடுல்ஸை இப்படித்தான், கொதிக்கும் தண்ணீரில் நேராகப் பிழிகிறார்கள். அவர்களுடைய அச்சைப் பார்த்தால் நம் இடியாப்ப உரலுக்கு உடன்பிறப்பு என்பீர்கள்!

200 கிராம் மைதா, 2 முட்டை, கொஞ்சம் உப்பு, சுமார் 80 மில்லி தண்ணீர். கையாலேயே பிசையலாம். மிக்சியில் போட்டால் விட்டு விட்டு ஓட்டுங்கள். இறுகிய மாவு மோட்டாரைச் சூடாக்கிவிடும். மாவு முறுக்குப் பதத்தைவிடத் தளர்வாக இருக்கட்டும். கால் மணி நேரம் மூடி வையுங்கள்.

இடியாப்பத் தட்டு ரொம்பப் பொடி, காராசேவுத் தட்டுதான் சரி. உப்புப் போட்ட தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது பிழியுங்கள். ஆவியில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே மிதந்து வந்ததும் அரித்து எடுங்கள்.

நம் ஊரில் விளையும் மக்காச்சோளத்தை அரைத்துச் சேர்க்கலாமா? கால் பங்கு சேர்க்கலாம். அதில் மாவைப் பிடித்து வைக்கும் பசையம் இல்லை. தனியாகப் பிழிந்தால் உதிர்ந்துவிடும்.

தாளிக்கச் செட்டிகுளம் சின்ன வெங்காயம் இருந்தால், சாஸ் பாட்டிலைத் தேட வேண்டியதில்லை.