மாலத்தீவில் ஆசிரியர் வேலை: பெட்டியில் எந்த உடைகளை வைப்பது?

செங்கல்பட்டிலோ திருப்போரூரிலோ கோவளத்திலோ பி.எட். முடித்த நம் பிள்ளைக்கு மாலத்தீவில் ஆசிரியர் வேலை உறுதியாகிவிட்டால் போதும், வீடு முழுக்கத் துணிக்கடைப் பேச்சுதான். அம்மா பட்டுச்சேலை எடுக்கச் சொல்வார், மாமா கோட்டு தைக்கச் சொல்வார். பயணச் செலவுக்கே நகையை அடகு வைத்த குடும்பம், பெட்டியை நிரப்ப இன்னொரு கடன் வாங்குவதை நாம் பார்த்திருக்கிறோம். அப்படி வாங்கிய துணியில் பாதி, ஒரு வருடம் கழித்துப் பூஞ்சை பிடித்துத் திரும்பி வருவதையும் பார்த்திருக்கிறோம். (ஒப்பந்தமும் வேலை அனுமதியும் கைக்கு வரும்வரை ஒரு கைக்குட்டைகூட வாங்க வேண்டாம் என்பது நம் முதல் வேண்டுகோள்.)

மாலத்தீவின் வானிலை நமக்குப் புதிதல்ல. மாமல்லபுரம் கடற்கரையின் புழுக்கமும் உப்புக்காற்றும்தான் அங்கும். நம் மே மாதத்துக் கத்திரி வெயில் மட்டும் கிடையாது. வருடம் முழுவதும் பகலில் 30, 31 டிகிரியை ஒட்டியே இருக்கும். பெரிய வித்தியாசம் மழைதான். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. அங்கே மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை அக்டோபர், நவம்பர் வரை நீளும். ஜூன் மாதம் போய் இறங்குபவர் நேராக மழைக்குள் இறங்குகிறார். துவைத்த துணி அன்றே காயாது.

எனவே உடையின் எண்ணிக்கையை அதன் அழகை வைத்தல்ல, அது காயும் நேரத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டும். அங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை. ஞாயிறு முதல் வியாழன் வரை ஐந்து நாள் பள்ளி. துணி காய இரண்டு நாள் ஆகும் என்று வைத்துக்கொண்டாலும் வேலைக்கு ஆறு செட் போதும் என்பது நம் கணக்கு. உள்ளாடைகளை மட்டும் தாராளமாக வையுங்கள்.

பெண் ஆசிரியர்கள் விஷயத்தில் ஒரு தவறான எண்ணம் உண்டு. "முஸ்லிம் நாடுதானே, கறுப்பு அபாயா நான்கு இருந்தால் போதும்" என்பார்கள். வளைகுடாவுக்கு அது பொருந்தும். அங்கே வீடு, வாகனம், வகுப்பறை எல்லாமே ஏ.சி.; உள்ளே ஒரு மெல்லிய ஸ்வெட்டர்கூடத் தேவைப்படும். மாலத்தீவின் சிறு தீவில் மின்விசிறிக்கு அடியில் நின்று மதியம்வரை பாடம் நடத்துபவருக்கு கனமான பாலியஸ்டர் அபாயா வேர்க்குருவைத்தான் தரும். தளர்வான, முழங்காலுக்குக் கீழே இறங்கும் பருத்தி மேலாடை, பேன்ட், முக்காடு: அங்குள்ள பெண் ஆசிரியர்களிடம் பரவலாகக் காணப்படுவதும் இத்தகைய உடைதான். பருத்தி முக்காடுகள் எட்டாவது வேண்டும். வியர்வையில் ஒரே நாளில் இரண்டு மாற்ற வேண்டிவரும். ஊக்குகளை எவர்சில்வரில் பார்த்து வாங்குங்கள். உப்புக்காற்றில் சாதாரண ஊக்கு துருப்பிடித்து முக்காட்டில் விடும் கறை எந்தச் சோப்புக்கும் போகாது. கோவளத்துப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பருத்திக்கு நாம் எங்கும் போகத் தேவையில்லை. கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் 17ஆம் நூற்றாண்டிலேயே டச்சுக்காரர்கள் வந்து உட்கார்ந்தது இந்தக் கரையில் நெய்த மெல்லிய மஸ்லின் துணிக்காகத்தான். அவர்கள் கட்டிய கோட்டை இன்றும் அங்கே நிற்கிறது. வெப்பநாட்டு உடம்புக்கு எது ஒத்துவரும் என்று நம் நெசவாளிகளுக்குத் தெரிந்திருந்தது. நாம்தான் "வெளிநாடு" என்ற சொல்லைக் கேட்டதும் கோட்டைத் தேடுகிறோம்.

ஆண்களுக்குக் கோட்டு வேண்டாம். ஆனால் டை இரண்டு வையுங்கள். பல பள்ளிகளில் ஆண் ஆசிரியர்கள் முழுக்கைச் சட்டையும் டையும் அணிகிறார்கள். சட்டை தூய வெள்ளையில் வேண்டாம். பல தீவுகளில் கிணற்றுநீர் உப்புக் கலந்தது. அதில் துவைத்தால் வெள்ளை நாளடைவில் மங்கிவிடும். இளநீலமோ சாம்பலோ பார்வைக்குத் தாங்கும். தோல் காலணி ஒரு ஜோடிக்கு மேல் தேவையில்லை. பவள மணலும் ஈரமும் அதை விட்டுவைக்காது.

எதை அணியலாம், எதை அணியக்கூடாது என்பதை முன்கூட்டியே பள்ளியிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். சேலையை ஒரு பள்ளி ஏற்கும், இன்னொரு பள்ளி ஏற்காது. முன்பே அங்கே வேலை பார்த்தவர் சொன்னதை மட்டும் நம்பி ஆறு சேலை எடுத்துவிட்டு, போனபின் தையற்காரரைத் தேடி அலைவது வீண். சிறு தீவுகளில் கடைகள் குறைவு. துணி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்பதால் விலையும் கூடும். எல்லாம் தைத்தே போகட்டும். கூடவே ஊசி, நூல், மாற்றுப் பொத்தான்களும் போகட்டும்.

பள்ளிக்கு வெளியே உடுத்த, ஆண்களுக்குக் கைலி மூன்று, ஜும்ஆவுக்கு ஒரு நல்ல ஜிப்பா. பெண்களுக்குத் தொழுகைத் துப்பட்டி இரண்டு. இரண்டு பெருநாளுக்கும் சேர்த்து ஒரு புத்தாடை. கடலில் இறங்க விருப்பமுள்ளவர்களுக்கு விரைவில் உலரும் அடர்நிறப் பாலியஸ்டர் உடை ஒன்று. மக்கள் வாழும் தீவுகளில் பெண்கள் முழு உடையோடுதான் குளிக்கிறார்கள். பாலியஸ்டருக்கு நாம் தரும் ஒரே இடம் அதுதான்.

மீனம்பாக்கத்தில் ஏறி மாலேயில் இறங்குவதோடு பயணம் முடியாது. உள்நாட்டு விமானமோ விரைவுப் படகோ இன்னும் பாக்கி இருக்கும். விமானச் சீட்டுகள் இரண்டிலும் உள்ள எடை அளவைப் பார்த்து, குறைவானதற்கு ஏற்பப் பெட்டி கட்டுங்கள். படகில் தண்ணீர் தெறிக்கும். உடைகளைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றுங்கள். சான்றிதழ்களும் முதல் நாள் பள்ளிக்கான ஒரு செட் உடையும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

கடைசியாக ஒரு சோதனை. எடுத்த உடையை ஒரு பகல் அணிந்து மாமல்லபுரம் கடற்கரையில் நடந்துவிட்டு வாருங்கள். மாலையில் துவைத்து, மின்விசிறி போடாமல் வீட்டுக்குள்ளேயே கொடியில் போடுங்கள். மறுநாள் மாலையும் அது ஈரமாக இருந்தால், அந்த உடை பீரோவிலேயே இருக்கட்டும்.