அட்டையை மாத்தினா ஆளே மாறிடுவார்: ‘தி சீட்’ (1915)

மௌனப் படத்தில் ஒருவர் எந்த நாட்டுக்காரர் என்று நமக்கு எப்படித் தெரியும்? முகமும் உடையும் கொஞ்சம் சொல்லும். மிச்சத்தைச் சொல்றது நடுநடுவே வரும் எழுத்து அட்டைதான். செசில் பி. டிமில் இயக்கிய ‘தி சீட்’ படத்தைப் பார்த்தால் அந்த அட்டைக்கு எவ்வளவு பலம் என்று புரியும்.

எடித் ஒரு ஊதாரிப் பணக்காரி. செஞ்சிலுவைச் சங்க நிதி 10,000 டாலரை எடுத்துப் பங்கில் போட்டுத் தொலைத்துவிடுகிறாள். தந்த வியாபாரி ஒருவர் பணம் தருகிறார். பதிலுக்கு அவளையே கேட்கிறார். பிறகு கணவனிடம் பொய் சொல்லிப் பணம் வாங்கித் திருப்பித் தரப் போகிறாள். அவர் வாங்கவில்லை. தன் பொருட்களில் குத்தும் முத்திரையைக் காய்ச்சி அவள் தோளில் சூடு போடுகிறார். அவள் சுடுகிறாள். காகிதத் தடுப்பில் ரத்தம் ஊறுவதை வெளியிலிருந்து கணவன் பார்க்கிறான், பழியை ஏற்கிறான். பாதி முகத்தை இருட்டில் விட்ட ஆல்வின் விக்காஃபின் ஒளிப்பதிவு இன்னிக்கும் மிரட்டுது.

அந்த வியாபாரி ஹிஷுரு டோரி, ஜப்பானியர். நடித்தவர் செஸ்ஸூ ஹயகாவா. கலிபோர்னியாவில் ஜப்பானியக் குடியேறிகள் நிலம் வாங்க முடியாதபடி 1913-லேயே சட்டம் வந்தாச்சு. அந்த ஊரில் இப்படி ஒரு வில்லன் என்றால் அடி திரையோடு நிற்காது. லாஸ் ஏஞ்சல்ஸ் ஜப்பானியப் பத்திரிகை ‘ரஃபு ஷிம்போ’ படத்தையும் ஹயகாவாவையும் சேர்த்தே கண்டித்தது. வேடிக்கை என்னன்னா, அவரைப் பெரிய நட்சத்திரமாக்கியதும் இதே படம்தான்.

1917-ல் அமெரிக்கா உலகப் போரில் இறங்க, ஜப்பான் நேச நாடாகிவிட்டது. 1918 மறுவெளியீட்டில் டோரி, ‘ஹாகா அராகாவ்’ என்ற பர்மியத் தந்த வியாபாரி ஆனார். இதுக்காக எந்தக் காட்சியையும் திரும்ப எடுக்கத் தேவையில்லை. எங்க பாஷையில் சொன்னா, வெறும் ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ். பர்மியர்கள் மனசு புண்படுமே என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அமெரிக்காவில் கேள்வி கேட்கும் அளவுக்கு அவர்கள் கூட்டம் இல்லை, அவ்வளவுதான்.

இன்று நாம் பார்ப்பது பெரும்பாலும் அந்த 1918 பிரதிதான். நீங்க பார்க்கும்போது அந்த முத்திரையைக் கவனிங்க. ஜப்பானியக் கோயில் வாசலில் நிற்கும் தோரி வளைவின் வடிவம் அது. பர்மியர் கையில் அப்படியே இருக்கு.